நான்காவது நாற்காலி

ஆறு வாரம் என்றுதான் அனுப்பினார்கள்.
பதினொன்றானது.
சாய இயந்திரத்துக்கு வரவேண்டிய ஒற்றை வால்வு
கெம்லிக் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கில்
ஒரு கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.
பூர்சாவில், மூன்றாம் மாடி அறையில்,
அதற்காக நான் காத்துக் கிடந்தேன்.

சலவைக்கடை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள்
என் ஐந்து சட்டைகளும் கட்டிப் புரள்வதைப் பார்த்தேன்.
பூட்டிய கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டினேன்.
யாரிடமாவது நன்றி சொல்ல வேண்டுமே என்று
அங்காடியில் ஒரு மாதுளை வாங்கினேன்.
பில் போடும் பெண் தலையசைத்தாள்.
மறுநாளும் ஒன்று.
குளிர்பெட்டியில் ஒன்பது சேர்ந்துவிட்டன,
எனக்கோ மாதுளை உரிக்கப் பொறுமை கிடையாது.

பிறகு ஒரு வியாழன், மழைக்கு ஒதுங்கியதுதான்.
தேநீர்க் கடைக்குள் அடுப்புச் சூடு, ஈரக் கம்பளி வாடை.
ஒரு மேசையில் மூன்று பேர்.
நான்காவது நாற்காலியில் ஒரு தொப்பி.
என்னைப் பார்த்தார்கள்,
தொப்பியைப் பார்த்தார்கள்.
மெலிந்தவர் அதை எடுத்துத் தன் முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு
"ஓகே?" என்றார்.
சரியா என்று கேட்கிறார் போலும் என்று தலையாட்டினேன்.
அது ஆட்டத்தின் பெயர் என்று
உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

நூற்றாறு காய்கள், நான்கு நிறங்கள்,
ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை.
பிர், இக்கி, யூச்.
நான்குக்கு மட்டும் உதட்டைக் குவிக்க வேண்டும்.
நான் குவிக்கும்போதெல்லாம்
ருஸ்தெம் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்,
காய் இல்லாதபோதும் சொல்லச் சொல்வார்.

தோற்றவர் தேநீருக்குக் காசு தரவேண்டும்.
பத்து நாள் நான்தான் தந்தேன்.

மோதிர விரலைச் சுழற்றி, வீட்டில் யார் என்றார் ஃபிக்ரி.
கைப்பேசியைக் கொடுத்தேன்.
மனைவியின் படங்களுக்கு நடுவே பாதிக்குமேல் வால்வுகள்,
அவற்றையும் பொறுமையாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.
ஜெவ்தெத் தன் பாதி விரலை மேசைமேல் வைத்து
வாயால் தறி ஓட்டினார்,
தடக் தடக் தடக்,
சட்டென்று நிறுத்தினார்.
அந்த மொழி எனக்குத் தெரியும்.

தொப்பிக்காரர் பெயர் ஷினாசி.
ஜெர்மனியில், மகள் வீட்டில்.
எதற்கு என்று கேட்டேன்.
ஃபிக்ரி தன் மார்பில் மேலிருந்து கீழாக
ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.
யாரும் காயை எடுக்கவில்லை கொஞ்ச நேரம்.

வால்வு இன்னும் ஒரு மாதம் வராமல் இருக்கட்டும்
என்று ஓரிரவு வேண்டிக்கொண்டேன்.
இந்த நாற்காலி எனக்கே இருக்கட்டும் என்றால்
வேறென்ன வேண்டுகிறேன் என்பது
விளக்கை அணைத்த பிறகு உறைத்தது.
எழுந்து உட்கார்ந்து
இரண்டு மாதுளை உரித்தேன்.

பத்தாவது வார ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார்,
அண்ணனுடைய கோட்டை மாட்டிக்கொண்ட பையனைப் போல.
எல்லாரும் எழுந்தார்கள்.
நானும்.
என் கையில் அன்று அபூர்வமாக நல்ல காய்கள்,
ஒன்றே ஒன்று குறை.
ஷினாசி என் இடத்தில் உட்கார்ந்தார்,
முழங்காலிலிருந்து தொப்பி தலைக்குப் போனது,
குவியலிலிருந்து ஒரு காய் எடுத்தார்,
வரிசையைப் பரப்பி வைத்தார்.
முடிந்தது.
என்னைத் திரும்பிப் பார்த்து
ஏதோ நீளமாகச் சொன்னார்.
யாராலும் அதை எனக்குச் செய்து காட்ட முடியவில்லை.

ஜெவ்தெத் உள்ளேபோய் ஒரு முக்காலி இழுத்து வந்தார்.

புதன்கிழமை வால்வு வந்தது.
மீதி ஏழு மாதுளைகளையும் மேசையில் கொட்டிவிட்டு வந்தேன்.

இப்போது பயணச் செலவுக் கணக்கு எழுதுகிறேன்.
தேநீர், எழுபத்தொன்பது கோப்பை.
யாரை உபசரித்தீர்கள், என்ன பொருட்டு என்று
கட்டம் கேட்கிறது.
யோசித்துவிட்டு
'உதிரிப் பாகம்' என்று எழுதினேன்.
கணக்குப் பிரிவில்
ஒரு கேள்வியும் வரவில்லை.